அரசன் ஏற்கும் பிச்சை: குலசேகரன்பட்டினத் தசராவும் சீக்கிய அர்தாசும் – பக்தி, சடங்கு, அதிகாரம் குறித்த ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச்சுருக்கம்

மெய்யான பக்தியை வெறுஞ்சடங்கிலிருந்தும் உலகியல் அதிகாரத்திலிருந்தும் பிரித்தறிவது எவ்வாறு என்னும் வினாவைச் சீக்கிய சமயம் தன் தோற்றக் காலத்திலேயே கூர்மையாக எழுப்பியது. அவ்வினாவைத் திருச்செந்தூர் வட்டாரக் கடற்கரையின் சமய வரலாற்றோடு பொருத்தி ஆராய்வது இக்கட்டுரை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசரா, அக்கடற்கரையில் 1833-இல் வெளிப்பட்ட அய்யா வைகுண்டரின் வழி, சீக்கியரின் பொது வேண்டுதலாகிய அர்தாஸ் ஆகிய மூன்றும் இங்கு ஒப்பிடப்படுகின்றன. சடங்கு உண்டா இல்லையா என்பது பக்தியின் மெய்ம்மைக்கு அளவுகோலாகாது. வழிபடுவோன் தன் உலகியல் நிலையை இறக்கிவைக்க அச்சடங்கு இடம்தருகிறதா என்பதே அளவுகோல் என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: குலசேகரன்பட்டினம், முத்தாரம்மன், தசரா, வேடம், காணிக்கை, அய்யாவழி, குருநானக், அர்தாஸ், குருத்வாரா சீர்திருத்தம்

1. முன்னுரை

தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த ஊர் குலசேகரன்பட்டினம். மக்கள் வழக்கில் அது 'குலசை' எனப்படும். பாண்டியர் பெயர் தாங்கிய பழந்துறைமுகம், உப்பளங்கள் நிறைந்த ஊர், 1942-ஆம் ஆண்டு விடுதலைப் போராட்டத்தில் உப்பு அதிகாரி லோன் கொலை வழக்கால் அறியப்பட்ட இடம், 2024 பிப்ரவரியில் இந்தியாவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட இடம் என அதன் வரலாறு பல அடுக்குகளைக் கொண்டது. ஆயினும் தென்மாவட்ட மக்களின் நினைவில் அவ்வூர் நிலைத்திருப்பது முத்தாரம்மன் கோயில் தசராவால்தான்.

பஞ்சாபில் தோன்றிய சீக்கியத்தையும் இக்கடற்கரை விழாவையும் ஒருசேர நோக்குவதற்குக் காரணங்கள் உள்ளன. இரண்டிலும் தேவி அசுரனை அழித்த கதை இடம்பெறுகிறது. இரண்டிலும் புறக்கோலத்துக்கும் அகநிலைக்கும் உள்ள உறவு அடிப்படைச் சிக்கலாக அமைகிறது. இரண்டும் சாதி, அரசு, பணம் ஆகிய உலகியல் ஆற்றல்களோடு இடைவிடாது மோதி வந்துள்ளன. அண்மை ஆண்டுகளில் தென்மாவட்டங்களைச் சேர்ந்த தமிழர் சிலர் சீக்கியம் தழுவியிருப்பதும், 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்ச் சீக்கியர்கள் தலைப்பாகையுடன் போட்டியிட்டதும் இவ்வொப்பீட்டுக்கு நிகழ்காலப் பொருத்தத்தைத் தருகின்றன.

சடங்கை முற்றிலும் மறுப்பது சீர்திருத்தம், அதைப் பேணுவது பழமை எனப் பிரிக்கும் போக்கு சமய வரலாற்று எழுத்துகளில் பரவலாகக் காணப்படுகிறது. அப்பிரிவு இம்மூன்று மரபுகளையும் விளக்கப் போதுமானதன்று என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

2. அரசவையிலிருந்து வந்த வழிபாட்டு மொழி

வழிபாட்டுக்குரிய சொற்கள் பல அரசவையிலிருந்து வந்தவை. தமிழில் கோயில் என்பது அரசன் வாழும் இல்லத்தையும் இறைவன் உறையும் இடத்தையும் குறித்தது. விண்ணப்பம் மன்னனிடமும் செய்யப்பட்டது, தெய்வத்திடமும் செய்யப்பட்டது. 'காண்' என்னும் அடியிற் பிறந்த காணிக்கை, உயர்ந்தோரைக் காணச் செல்வோர் கையுறையாகக் கொண்டுசெல்லும் பொருளைச் சுட்டியது. திருவுலா, திருமஞ்சனம், பள்ளியறை என்பனவும் இவ்வாறே அரச வாழ்வின் சாயல் கொண்டவை.

பஞ்சாபியிலும் இந்நிலையே உள்ளது. சீக்கியர் எழுந்து நின்று கூறும் பொது வேண்டுதலுக்கு அர்தாஸ் என்று பெயர். மேலோரிடம் அளிக்கப்படும் மனுவைக் குறிக்கும் 'அர்ஸ்தாஷ்த்' என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து அது வந்தது. கூடியிருப்போர் அனைவரும் கைகூப்பி நிற்க, அவர்களுள் ஒருவர் அனைவர் சார்பிலும் அதைக் கூறுவார்.

இச்சொல்லுறவு ஓர் இடர்ப்பாட்டையும் உடன்கொண்டு வருகிறது. இறைவனை அரசனாகக் கருதும் மொழி, மண்ணுலக அரசனுக்கு மேலான ஓர் அரசனை முன்னிறுத்தி, அவன் அதிகாரத்துக்கு வரம்பு கட்டலாம். அதே மொழி, மண்ணுலக அரசனையே இறைவனின் சாயலாகக் காட்டி, அவனுக்கு வலிமையும் சேர்க்கலாம். ஒரே சொல் இரு திசையிலும் செல்லக்கூடியதாதலின், எத்திசையில் செல்கிறது என்பதைச் சொல்லைக் கொண்டு அறிய இயலாது. வழிபாட்டின் நடைமுறையைக் கொண்டே அறிய இயலும்.

3. நானக்கின் அளவுகோல்

குருநானக் (1469–1539) சுல்தான்பூரில் தௌலத்கான் லோதியின் பண்டகசாலையில் பணியாற்றியவர். அரசு அதிகாரத்தின் அன்றாட இயக்கத்தை அவர் அருகிருந்து அறிந்திருந்தார். பேயீன் ஆற்றில் மூழ்கி மூன்று நாள் கழித்து வெளிப்பட்ட பின்னர், இந்துவும் இல்லை, முசல்மானும் இல்லை என்னும் கருத்தை அவர் கூறியதாக, அவர் வாழ்வைச் சொல்லும் சனம்சாக்கி நூல்கள் குறிக்கின்றன.

அந்நூல்கள் கூறும் மற்றொரு நிகழ்ச்சி இங்கு நோக்கத்தக்கது. நவாபும் காசியாரும் தொழுகையில் நிற்கும்போது உடனிருந்த நானக் நகைத்தார். காரணம் கேட்கப்பட்டபோது, காசியாரின் உள்ளம் வீட்டு முற்றத்துக் கிணற்றில் புதிதாகப் பிறந்த குதிரைக்குட்டி விழுந்துவிடுமோ என்று அஞ்சிக்கொண்டிருந்தது என்றும், நவாபின் உள்ளம் காபூலில் குதிரை வாங்கிக்கொண்டிருந்தது என்றும் அவர் விடையளித்தார். சனம்சாக்கிகள் பக்தி நோக்கில் எழுந்தவையாதலின் இதனை நேரடி வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. எனினும், சீக்கிய மரபு தன் தொடக்கக் காலத்தில் பக்தியை எவ்வாறு அளந்தது என்பதற்கு இது சான்றாகும். இக்கதையில் தொழுகையின் முறையில் பிழை காணப்படவில்லை. சமய அதிகாரமும் ஆட்சி அதிகாரமும் தத்தம் உடைமைகளோடு தொழுகைக்குள் நுழைந்தமையே பிழையாகக் காட்டப்படுகிறது.

1520-21 அளவில் பாபரின் படை சையத்பூரைத் தாக்கியது. அத்தாக்குதலைக் குறித்து நானக் பாடியனவாகக் குரு கிரந்தத்தில் இடம்பெறும் பாடல்கள் 'பாபர்வாணி' எனப்படும். பகைவரைத் தடுக்கப் பீர்கள் செய்த மந்திர வினைகள் பயன் தரவில்லை என்பதும், அவற்றால் ஒரு முகலாயனும் கண்ணிழக்கவில்லை என்பதும் அவற்றுள் பேசப்படும் செய்திகள். அதிகாரத்தை வெல்வதற்கான கருவியாகச் சடங்கைக் கையாள்வதும் அதிகார வேட்கையின் மறுவடிவமே என்பது இதன் உட்கிடை.

புறக்கோலத்தைக் குறிக்கும் 'பேக்' என்னும் சொல் சீக்கிய மறைப்பாடல்களில் கண்டனத்துக்குரியதாகப் பயில்கிறது. அச்சொல்லும் தமிழின் வேடம் என்னும் சொல்லும் 'வேஷ' என்னும் ஒரே வடசொல்லோடு தொடர்புடையவை. உழைத்து உண்ணாது, துறவுக் கோலம் பூண்டு இரந்துண்பதை நானக் ஏற்கவில்லை. இருப்பினும் 1699-இல் குரு கோவிந்த்சிங் கால்சாவை நிறுவியபோது, கத்தரிக்கப்படாத முடி உள்ளிட்ட புற அடையாளங்கள் கட்டாயமாக்கப்பட்டன. இதனை முரண்பாடு எனக் கருதுவது மேலோட்டமான பார்வை. மறைந்துகொள்ள உதவும் கோலம் வேறு, மறைந்துகொள்ள இயலாதவாறு ஒருவரைப் பொறுப்புக்கு உட்படுத்தும் கோலம் வேறு என்னும் வேறுபாடு இங்குப் புலப்படுகிறது.

தமிழ் மரபிலும் வேடம் இருவகை மதிப்புக் கொண்டது. திருக்குறளின் கூடாவொழுக்க அதிகாரம் பொய்க்கோலத்தைக் கடிகிறது. பெரியபுராணத்து மெய்ப்பொருள் நாயனாரோ, பகைவன் முத்தநாதன் பூண்டுவந்த பொய்யான சிவவேடத்தையும் மெய்ப்பொருளாகவே மதித்து உயிர்துறந்தார். அவர் திருக்கோவலூரை ஆண்ட அரசர் என்பது குறிப்பிடத்தக்கது. அரசன் தன் வாளையும் காவலையும் விலக்கி வேடத்தின்முன் பணிந்தான் என்பதே அக்கதையின் வலிமை.

4. அரசனின் நவராத்திரி

இடைக்காலத் தென்னிந்தியாவில் நவராத்திரி முதன்மையாக அரசவிழாவாக விளங்கியது. விசயநகரத்தின் மகாநவமி மேடை இன்றும் அம்பியில் காணப்படுகிறது. 1520 அளவில் அந்நகரில் தங்கியிருந்த போர்த்துகீசியர் தோமிங்கோ பாயஸ் அவ்விழாவை விரிவாகப் பதிவுசெய்துள்ளார். ஒன்பது நாளும் மன்னன் வழிபட்டான். யானைகளும் குதிரைகளும் அணிவகுத்தன. தலைவர்கள் வந்து மன்னன்முன் பணிந்தனர். பாபரின் படையெடுப்பைப் பஞ்சாபில் நானக் கண்டதும் இப்பதிவு எழுந்ததும் ஏறத்தாழ ஒரே காலம். வழிபாடும் வாளும் ஒரே மேடையில் நிற்கும் காட்சியை இருவரும் கண்டனர் எனலாம். ஒருவர் வியந்து எழுதினார், மற்றவர் வினவிப் பாடினார்.

விசயநகரம் வீழ்ந்தபின் அவ்விழாவை அதன் வழிவந்த ஆட்சியாளர்கள் மேற்கொண்டனர். உடையார் மரபினர் 1610 முதல் சீரங்கப்பட்டணத்திலும் பின்னர் மைசூரிலும் தசராவை நடத்தினர். தமிழகத்தில் மதுரை நாயக்கரும் இராமநாதபுரம் சேதுபதிகளும் அதனைக் கொண்டாடினர். மைசூர்ப் படையை எதிர்த்து உதவியமைக்காகத் திருமலை நாயக்கர் சேதுபதிக்கு நவராத்திரி கொண்டாடும் உரிமையை வழங்கினார் என்று சேதுபதி வரலாறு கூறும். விழாக் கொண்டாடுவதே அரசியல் உரிமையாகக் கருதப்பட்டமைக்கு இது தெளிவான சான்று. அம்மேடையில் தேவியின் வெற்றி மன்னனின் வெற்றியாகவே பொருள்கொள்ளப்பட்டது.

இதே தேவியின் போர் பஞ்சாபில் வேறொரு வடிவம் பெற்றது. மார்க்கண்டேய புராணத்துத் தேவி மகாத்மியத்தைத் தழுவிய 'சண்டி தி வார்' என்னும் பஞ்சாபி நூல் குரு கோவிந்த்சிங் பெயரால் வழங்குகிறது. அது இடம்பெறும் தசம் கிரந்தத்தின் ஆசிரியத்துவம் குறித்துச் சீக்கிய அறிஞரிடையே நெடிய விவாதம் உண்டு. அந்நூலின் தொடக்கப் பகுதியே அர்தாசின் தொடக்கமாக அமைந்துள்ளது. முதலில் பகௌதியையும், அதன்பின் நானக் முதல் தேக்பகதூர் வரையிலான ஒன்பது குருமார்களையும் நினைவுகூர்வதாக அப்பகுதி செல்கிறது. பகௌதி என்பதைப் பெண்தெய்வமாகக் கொள்ளாது, வாள் என்றும் இறையாற்றல் என்றும் பொருள்கொள்வது சீக்கிய உரைமரபு.

அர்தாசின் நடுப்பகுதி காலத்துக்கு ஏற்பச் சொல்லப்படுகிறது. சமயத்துக்காக உயிர்நீத்தோர் அதில் நினைக்கப்படுகின்றனர். 1947 பிரிவினைக்குப் பின்னர், நன்கானா சாகிப் முதலாகப் பிரிந்துபோன தலங்களைத் தடையின்றிக் காணும் பேறும் அதில் வேண்டப்படுகிறது. ஆயினும் தொடக்கமும் முடிவும் மாற்றத்தக்கன அல்ல என்று சீக்கிய நடத்தை விதிநூல் வரையறுக்கிறது. அம்முடிவு எல்லோரின் நலத்தையும் வேண்டுவதாக அமைகிறது. வாளில் தொடங்கும் வேண்டுதல் பகைவனையும் உள்ளடக்கிய பொதுநலத்தில் முடிவதால், வெற்றி என்னும் கருத்து எந்த ஓர் ஆட்சியாளனுக்கும் உரியதாகாமல் போகிறது.

5. குலசையில் அரசன் ஏற்கும் பிச்சை

குலசையிலும் அரசர் பெயர் தாங்கிய கோயில் உண்டு. அங்குள்ள சிவன் கோயில் இறைவன் பெயர் கச்சிகொண்ட பாண்டீசுவரர். காஞ்சியை வென்ற பாண்டியனின் புகழ் அப்பெயரில் நிற்கிறது. ஆனால் ஊர்ப்பெருவிழா அக்கோயிலை மையமாகக் கொண்டதன்று. ஞானமூர்த்தீசுவரரோடு ஒரே பீடத்தில் அமர்ந்த முத்தாரம்மனே விழாவின் தலைவி. முத்து ஆரம் பூண்டவள் என்றும், அம்மை முத்துகளை ஆற்றுபவள் என்றும் அவள் பெயருக்கு இருவகையில் பொருள் கூறுவர். பின்னைய விளக்கம் நோயும் இழப்பும் அறிந்த எளிய மக்களின் அன்னையாக அவளைக் காட்டுகிறது.

விழாவின் இயல்பு வேடத்தில் அடங்கியுள்ளது. நோய் தீரவும், மகப்பேறு வாய்க்கவும், குடும்பத் துயர் நீங்கவும் நேர்ந்துகொண்டவர்கள் தத்தம் நேர்ச்சைக்கேற்ப 48, 41, 21, 11 நாள் என விரதம் இருப்பர். கொடியேற்றத்துக்குப் பின் கோயிலில் பெற்ற காப்பைக் கையில் கட்டி வேடம் புனைவர். காளி, அனுமன், குறவன், குறத்தி, கரடி, அரசன், அரசி, காவலர், பிச்சைக்காரர் என வேடங்கள் பலவகை. ஊர்தோறும் தசராக் குழுக்கள் அமைந்து, குடிலில் தங்கி, மேள முழக்கத்துடன் வீடுவீடாகவும் கடைகடையாகவும் சென்று காணிக்கை ஏற்பர். திரட்டிய தொகை பத்தாம் நாளில் அம்மன் உண்டியலில் சேர்க்கப்படும். காளி வேடத்துக்கு விரதம் மிகக் கடுமையானது; கனத்த சடைமுடியும் பல கைகளும் தாங்கி வெயிலில் நடக்க வேண்டும்.

இவ்வமைப்பில் எந்த வேடமும் இரத்தலிலிருந்து விலக்குப் பெறுவதில்லை என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அரச வேடம் பூண்டவரும் தட்டேந்துகிறார். காவலர் வேடம் பூண்டவரும் கடைவாசலில் கைநீட்டுகிறார். காளியாக வந்து அருள்வாக்குச் சொல்பவரும் நாணயம் பெற்றே அடுத்த வாசலுக்குச் செல்கிறார். வேடத்துக்கு வெளியே அவர் நிலவுடைமையாளராகவோ, வணிகராகவோ, அரசு ஊழியராகவோ, வெளிநாட்டில் பணியாற்றி விழாவுக்கென ஊர் திரும்பியவராகவோ இருக்கலாம். தன்னிடம் பணம் இருந்தும், அதை உண்டியலில் நேரே இட்டுவிட்டு நேர்ச்சையை முடித்துக்கொள்ள அவர் முற்படுவதில்லை. பிறர் கையிலிருந்து பெற்ற பொருளைத் திரட்டியே செலுத்துகிறார். செலுத்தும் தொகையைக் காட்டிலும் அதைப் பெறுவதற்காகத் தாழ்ந்த செயலே இங்குக் காணிக்கையாகிறது. மன்னனைக் காணக் கொண்டுசெல்லும் கையுறை என்னும் பழம்பொருள் இவ்வாறு தலைகீழாகிறது. மன்னனே கையுறைக்காகத் தெருவில் நிற்கிறான்.

மகாநவமி மேடையோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டின் வரலாற்றுப் பொருள் விளங்கும். அங்கே அரசன் இருந்தான். தலைவர்கள் அவன்முன் பணிந்தனர். குலசையில் அரசன் என்பது ஒரு வேடம். அவ்வேடம் எல்லோர் முன்னும் பணிகிறது. தசரா என்னும் ஒரே விழா, கொண்டாடும் மக்கள் மாறியபோது அதிகாரத்தை நோக்கிய தன் திசையையும் மாற்றிக்கொண்டது.

பத்தாம் நாள் நள்ளிரவில் கடற்கரையில் நிகழும் சூரசம்ஹாரம் மற்றொரு நுட்பத்தை உணர்த்துகிறது. மகிசாசுரன் யானை, சிங்கம், எருமை எனத் தலை மாற்றி மாற்றி வருகிறான். அன்னை அவ்வடிவங்களை ஒவ்வொன்றாக வீழ்த்துகிறாள். அசுரனின் வலிமையும் வேடம் மாற்றுவதிலேயே உள்ளது. ஒன்பது நாள் வேடமிட்ட இலட்சக்கணக்கான மக்கள், வேடதாரியான அசுரன் அழிவதைக் கண்டு, பின்னர் தம் காப்பைக் களைகின்றனர். அசுரன் பிறரை வெல்ல உருமாறுகிறான். அடியவர் தம்மைத் தாழ்த்த உருமாறுகின்றனர். வேடத்தைக் களைவதும் நேர்ச்சையின் பகுதியாதலால், அது நிலையான உடைமையாக மாறுவதில்லை. கால்சாவின் அடையாளம் வாழ்நாள் முழுமைக்கும் உரியது. குலசையின் வேடம் குறித்த நாளோடு முடிவது. இவ்விரண்டும் எதிரெதிர் முறைகளாயினும், கோலத்தைத் தன்னலத்துக்குப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதில் ஒன்றுபடுகின்றன. இரத்தலைப் பற்றிய கருத்தில் இரண்டும் வேறுபடுவதும் வெளிப்படை. நானக் கண்டித்தது உழைப்பைத் தவிர்க்கும் இரத்தலை. குலசையின் இரத்தல் உழைப்போர் சில நாள் மேற்கொள்ளும் நோன்பு.

6. காணிக்கையை மறுத்த கடற்கரை

இதே கடற்கரையில் வேறொரு விடையும் தோன்றியது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்பில் 1809-இல் பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டனர். ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த குழந்தை முடிசூடும் பெயரைத் தாங்குவதை ஆதிக்கச் சாதியினர் பொறுக்கவில்லை. பெயர் முத்துக்குட்டி என மாற்றப்பட்டது. திருவிதாங்கூரில் அக்காலத்தில் மார்பை மறைக்கும் துணியும், தலையில் கட்டும் துண்டும், தெருவில் நடக்கும் உரிமையும் அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தன. ஊழியமும் தலைவரியும் மக்களை வாட்டின.

நோயுற்ற முத்துக்குட்டி 1833 மாசியில் திருச்செந்தூருக்கு அழைத்துவரப்பட்டார். அங்குக் கடலுள் மறைந்தவர் வைகுண்டராக வெளிப்பட்டார் என்பது அய்யாவழி மக்களின் நம்பிக்கை. ஆற்றில் மூழ்கி எழுந்த நானக்கின் கதையோடு இது ஒத்திருப்பது தற்செயலாகலாம். எனினும் பழைய பெயரும் நிலையும் நீரில் கழிந்து, புதிய சொல்லோடு ஒருவர் கரையேறுவதாக இரு மரபுகளும் சொல்கின்றன.

1841-இல் எழுதப்பட்ட அகிலத்திரட்டு அம்மானை வைகுண்டரின் கொள்கைகளைத் தொகுத்துரைக்கிறது. உயிர்ப்பலி விலக்கப்பட்டது; காணிக்கை வேண்டாம் எனப்பட்டது. பதிகளின் பள்ளியறையில் சிலைக்கு மாற்றாக நிலைக்கண்ணாடி வைக்கப்பட்டது. வழிபட வருவோர் ஆங்குக் காண்பது தம் உருவத்தையே. சாதி வேறுபாடின்றி நீர் எடுக்கவும் ஒன்றாய் உண்ணவும் முந்திரிக் கிணறும் பொதுச்சோறும் வழிசெய்தன. பொது உணவைச் சீக்கியர் லங்கர் என்பர். பந்தியில் அரசனும் அடித்தட்டோனும் அருகருகே அமர வேண்டும் என்பது அதன் நெறி. வைகுண்டர் ஆண்களைத் தலைப்பாகை அணிந்து வழிபடச் செய்தார். மேலோர் முன் அவிழ்த்துத் தாழ்த்த வேண்டியிருந்த துண்டு, இறைவன் முன் முடியாயிற்று. முடிசூடும் பெயர் மறுக்கப்பட்ட ஒருவர், தம்மைப் பின்பற்றிய ஒவ்வொருவர் தலையிலும் முடி சூட்டினார் என்று இதனை வாசிக்க இடமுண்டு.

திருவிதாங்கூர் மன்னனைக் கலிநீசன் என்று சுட்டிய இவ்வியக்கத்தை அரசு பொறுக்கவில்லை. சுவாதித் திருநாள் ஆட்சிக் காலத்தில் (1829–1846) வைகுண்டர் கைதாகித் திருவனந்தபுரத்தில் சிறைவைக்கப்பட்டார். இலண்டன் மிஷனரி சங்கத்தாரும் தம் பணிக்கு அவ்வழி தடையாவதைத் தம் அறிக்கைகளில் குறித்தனர். இருபெரும் அதிகாரங்களும் ஒருசேர அஞ்சியமை, படைக்கலம் ஏந்தாத ஒரு வழிபாட்டு முறை எத்துணை அரசியல் ஆற்றல் கொண்டிருந்தது என்பதற்குச் சான்று.

குலசை காணிக்கையைப் பெருக்குகிறது. சாமித்தோப்பு அதை மறுத்தது. ஒன்று வேடம் புனைகிறது. மற்றது கண்ணாடி முன் நிறுத்துகிறது. சடங்கின் அளவைக் கொண்டு மதிப்பிட்டால் இவை இரண்டும் பகைத் துருவங்கள். ஆயினும் தென்மாவட்டச் சிற்றூர்களில் இவ்விரு வழிபாடுகளும் அருகருகே வாழ்கின்றன. தாழ்த்தப்பட்டவனை நிமிர்த்துவது ஒன்றின் நோக்கம். நிமிர்ந்திருப்பவனைத் தாழ்ந்து நிற்கப் பழக்குவது மற்றதன் விளைவு. இரண்டிலும் மாற்றத்துக்கு உள்ளாவது பிறப்பாலும் பொருளாலும் வந்த உலகியல் நிலையே.

7. அதிகாரம் திரும்பி வருதல்

சீர்திருத்தப்பட்ட வழிபாட்டுக்குள்ளும் அதிகாரம் மீண்டும் நுழையும் என்பதைச் சீக்கிய வரலாறு காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குருத்வாராக்கள் பலவும் மகந்துகளின் கைக்குச் சென்றன. ஆங்கில அரசின் ஆதரவு அவர்களுக்கு இருந்தது. 1919 ஜாலியன்வாலாபாக் படுகொலையை நிகழ்த்திய டயருக்குப் பொற்கோயில் நிர்வாகம் மரியாதை செய்தது. 1920 அக்டோபரில், ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து புதிதாகச் சீக்கியம் தழுவியோர் கொணர்ந்த பிரசாதத்தை ஏற்கவும் அவர்களுக்காக அர்தாஸ் கூறவும் பொற்கோயில் பூசகர்கள் மறுத்தனர். குரு கிரந்தத்தைத் திறந்து வழிகாட்டல் கேட்டபோது கிடைத்த பகுதி வந்தவர்களுக்கு ஆதரவாக அமையவே, பூசகர்கள் இணங்க நேர்ந்தது. மனு என்று பொருள்படும் வேண்டுதலை எல்லோரும் அளிக்கலாம் என்பது இவ்வாறு மீண்டும் நிலைநாட்டப்பட்டது.

அவ்வாண்டு நவம்பரில் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் குழு அமைந்தது. 1921 பிப்ரவரி 20 அன்று நன்கானா சாகிபில் மகந்தின் ஆட்கள் நூற்றுக்கும் மேற்பட்ட சீர்திருத்தவாதிகளைக் கொன்றனர். நீண்ட அறப்போரின் முடிவில் 1925-இல் குருத்வாராச் சட்டம் நிறைவேறியது. அப்போராட்டத்தின் அலை தென்னாட்டையும் தொட்டது. 1924-இல் வைக்கம் கோயிற்சுற்றுத் தெருக்களில் நடக்கும் உரிமைக்காக அறப்போர் நடந்தபோது பஞ்சாபிலிருந்து அகாலியர் வந்து இலவச உணவுச்சாலை நடத்தினர். வெளியார் உதவி வேண்டாம் எனக் கருதிய காந்தியடிகள் அதை ஏற்கவில்லை. வைகுண்டர் சிறைப்பட்ட அதே திருவிதாங்கூரில், பொதுச்சோறு இவ்வாறு மீண்டும் அரசியல் வினாவாயிற்று.

1925 சட்டம் குருத்வாராக்களை மகந்துகளிடமிருந்து மீட்டுத் தேர்தல்வழிக் குழுவிடம் ஒப்படைத்தது. அதன் விளைவாக வழிபாட்டிடத்தின் நிர்வாகமே தேர்தல் களமாயிற்று. அகாலி அரசியலின் அடித்தளமும் ஆயிற்று. குலசையிலும் இதற்கு நிகரானவற்றைக் காணலாம். தசராக் குழுக்கள் சில சாதி அடையாள நாடாக்களும் கொடிகளும் ஏந்தி வந்தமையால் காவல்துறை அவற்றுக்குத் தடைவிதித்து வருகிறது. திரைப்படப் பாடல்களும் ஆபாச நடனங்களும் குழுக்களிடையே போட்டிப் பொருளானபோது சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டது. காணிக்கை மறுத்த அய்யாவழியின் தலைமைப்பதியிலும் இன்று வாகன பவனியும் தேரோட்டமும் நடைபெறுகின்றன.

குலசையில் எது பக்தி, எது பக்தியன்று என்பதைக் காவல்துறையும் நீதிமன்றமும் வரையறுக்கும் நிலை சிந்தனைக்குரியது. சாதி நாடா நேர்ச்சையின் உட்பொருளையே அழிப்பது. ஏனெனில் அதைக் கட்டியவர் தன் உலகியல் நிலையை இறக்கிவைக்காமலேயே இரக்க வருகிறார். அத்தகைய இரத்தல் வசூலாகிறது. அதைத் தடுப்பது தேவை. ஆனால் தடையால் நாடாவை அகற்றலாமே அன்றி, இறக்கிவைக்கும் மனத்தைத் தர இயலாது. அதை விரதமும், குடில் வாழ்வும், முன்னர் வேடமிட்ட மூத்தோரின் கண்டிப்புமே தர வல்லவை. பஞ்சாபில் 1920-இல் பூசகரை இணங்க வைத்ததும் வழிபடுவோர் ஒருங்கே நின்ற உறுதியே. சட்டம் அதன்பின் வந்தது.

8. முடிவுரை

இவ்வொப்பாய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, வெறுஞ்சடங்கு என்பது ஒரு வகைச் சடங்கின் பெயரன்று. எச்சடங்குக்கும் நேரக்கூடிய நிலை. சொற்களால் மட்டும் ஆன அர்தாசும் சாதியின் பெயரால் மறுக்கப்பட்டபோது வெறுஞ்சடங்காயிற்று. வண்ணமும் முழக்கமும் நிறைந்த காளி வேடம், விரதத்தோடும் இரத்தலோடும் கூடியபோது மெய்வழிபாடாகிறது.

இரண்டாவது, சண்டியின் வெற்றி என்னும் ஒரே கதை மூன்று வகையில் வழங்கியுள்ளது. விசயநகர மேடையில் அது மன்னனின் வெற்றியாயிற்று. அர்தாசில் எல்லோர் நலத்துக்கான வேண்டுதலின் தொடக்கமாயிற்று. குலசையில் மன்னனைத் தட்டேந்த வைக்கும் நோன்பாயிற்று. கதை அதிகாரத்துக்குத் துணைபோவதும் அதைக் கட்டுப்படுத்துவதும் அதைக் கையேற்கும் மக்களைப் பொறுத்தது.

மூன்றாவது, சடங்கை மறுத்த வைகுண்டரின் வழியும் சடங்கை நிறைத்த முத்தாரம்மன் தசராவும் ஒரே கடற்கரையில், ஒரே மக்களிடையே தழைத்தமை, சீர்திருத்தம், பழமை என்னும் இருமைப் பாகுபாட்டின் போதாமையைக் காட்டுகிறது. தலைப்பாகையால் நிமிர்தலும் தட்டேந்தித் தாழ்தலும் அவரவர் நின்ற இடத்துக்கேற்ற இருவேறு விடுதலைகள்.

நானக்கின் நகைப்பு நவாபின் தொழுகைக்கு மட்டும் உரியதன்று. தெய்வத்தின் முன் நிற்கும்போதும் தன் குதிரைகளை எண்ணிக்கொண்டிருக்கும் எவருக்கும் அது பொருந்தும். குலசைத் தெருக்களில் தட்டேந்தி நிற்கும் அரச வேடம் அந்நகைப்புக்கு இக்கடற்கரை மக்கள் அளித்த விடையாகக் கருதத்தக்கது. சாதி நாடாவும் போட்டி ஆட்டமும் அவ்விடையை அழிக்காதவாறு காப்பது, ஆண்டுதோறும் காப்புக் கட்டும் மக்களின் கையிலேயே உள்ளது.